விளக்கு வைக்குமுன் கூட்டிய பாதை

எங்கள் வீட்டைச் சுற்றிய வளவின் தெருப்பக்க மூலையில் ஓர் ஓக் மரம் நிற்கிறது. நாங்கள் வீட்டை வாங்கியபோதே அது கூரையைவிட உயரமாக இருந்தது. டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் இந்தப் பிராண்டேயில் மற்ற மரங்கள் செப்டம்பர் கடைசியில் நிறம் மாறத் தொடங்கிவிடும். முதலில் பேர்ச் கொட்டும், பிறகு மேப்பிள். ஓக்குக்கு அவசரமே கிடையாது. இந்த நாட்டவர்கள் மாதத்தைவிட வாரத்தின் எண்ணைச் சொல்லித்தான் பேசுவார்கள். அவர்கள் கணக்கில் நாற்பத்திரண்டாம் வாரம், அதாவது அக்டோபர் நடுவில் வரும் பள்ளி விடுமுறை வாரத்தில், அது முதல் இலைகளைப் போடும். டிசம்பர் பிறந்த பிறகும் உச்சியில் கொஞ்சம் இலையைப் பிடித்து வைத்திருக்கும். ஆண்டுதோறும் சமையலறைக் கலண்டரில் குறித்து வருவதால் இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

போன ஆண்டு நவம்பரில், அந்த மரத்தின் ஈரச் சருகில் சறுக்கி என் கணவர் விழுந்தார். குப்பைத் தொட்டியைத் தெருவோரத்துக்கு உருட்டிக்கொண்டு போன காலை அது. வாசலிலிருந்து தெருவுக்குப் போகும் கல் பாதையின் நடுவில், தொட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை, ஊன்றுகோல், பயிற்சி என்று குளிர்காலம் முழுவதும் போயிற்று. கோடை வந்தபோது ஒற்றைத் தடியோடு நடந்தார். அவர் வேலை செய்யும் காற்றாலைத் தொழிற்சாலையில் உட்கார்ந்தவாறே செய்யும் அரைநாள் வேலை கொடுத்தார்கள். மதியத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பார்.

எங்களுக்கு ஒரே மகள். ஓகூஸ் நகரத்தில் வேலை, அங்கேதான் வீடும். தகப்பன் விழுந்ததிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம்: இந்த வீட்டை விற்றுவிட்டு நாங்கள் ஓகூஸில், லிஃப்ட் உள்ள கட்டடத்தில், ட்ராமுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்துவிட வேண்டும். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அந்த ஃபிளாட்டின் படங்களை ஃபோனில் காட்டினாள்.

"வளவே இல்லை. பாருங்கோ, ஒரு புல்லும் இல்லை" என்றாள், அது பெரிய வசதி போல. பிறகு டேனிஷுக்கு மாறிவிட்டாள். முக்கியமான விஷயம் என்றால் அவளுக்கு டேனிஷ்தான் வரும். அப்பா இன்னொரு தரம் விழுந்தால் எழும்ப மாட்டார் என்று மருத்துவர் சொன்னதை ஞாபகப்படுத்தினாள். வீடு விற்றுத் தரும் மெக்லர் ஒருவரோடு பேசியிருப்பதாகவும் நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை அவர் வந்து வீட்டைப் பார்ப்பார் என்றும் சொன்னாள்.

நான் மாட்டேன் என்றேன். அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

"இந்த இலை கொட்டுற காலம் முடியட்டும்" என்றார். "நான் விழாமல், உம்மட அம்மா ஒருத்தரையும் உதவிக்குக் கூப்பிடாமல் இந்த வளவைப் பாத்தாவெண்டால், இருப்பம். இல்லாட்டி போவம். மெக்லர் வரட்டும்."

"நீங்கள் ஆரின்ர பக்கம்?" என்றேன்.

"நான் என்ர இடுப்பின்ர பக்கம்."

ஏன் மாட்டேன் என்று நான் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். சிறுவயதில் யுத்தத்தால் வீடு மாறினோம். இங்கு வந்து அகதிகள் நிலையம், பிறகு வாடகை வீடுகள். கலண்டர் வைத்திருக்கும் பழக்கம் எனக்கு எப்போதுமே உண்டு. ஆனால் ஒரே மரம் இந்த ஆண்டு எப்போது கொட்டியது, போன ஆண்டு எப்போது கொட்டியது என்று ஒப்பிட வேண்டுமானால் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அது எனக்கு இந்த வீட்டில்தான் வாய்த்தது. வேறு யாருக்கும் இது ஒரு காரணமாகத் தெரியாமல் இருக்கலாம். எனக்கு அது போதும்.

செப்டம்பரிலேயே ஆயத்தமானேன். நூலகத்திலிருந்து தோட்டப் புத்தகங்கள் எடுத்து வந்து படித்தேன். இலை இழுக்கும் வாரி ஒன்றும், பெரிய கடதாசிப் பைகளும் வாங்கினேன். படித்ததில் எனக்குப் பிடிக்காத ஒரு விஷயம் இருந்தது. இலையை முழுதாக அகற்ற வேண்டாம், வேலியடியில் விட்டுவிடுங்கள், முள்ளெலி குளிர்காலத்தில் அதற்குள் தூங்கும், மண்ணுக்கும் நல்லது என்று எல்லாப் புத்தகமும் ஒரே குரலில் சொல்லியது. நான் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனேன். நாங்கள் வளர்ந்த ஊரில் முற்றத்தைக் கூட்டினால் ஈர்க்குமாற்றின் கோடுகள் வளைவு வளைவாக மண்ணில் தெரிய வேண்டும். கூட்டாத முற்றம் என்றால் அந்த வீட்டில் ஆளில்லை, அல்லது சாவீடு. முள்ளெலிக்காக என் வீட்டை அப்படி வைத்திருக்க முடியாது.

நாற்பத்திரண்டாம் வாரம் ஓக் தொடங்கியது. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். காலை வேலை. இருட்டில் புறப்பட்டு மூன்று மணிக்கு முடித்து வருவேன். வந்ததும் சப்பாத்தைக்கூட மாற்றாமல் வளவில் இறங்கினேன். வாரியால் இழுத்தால் சின்ன இலைகள் புல்லுக்குள் தங்கிவிடுகின்றன. அது எனக்குக் கண்ணில் மண் விழுந்த மாதிரி. அதனால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த யாரோ பெட்டியில் கொண்டுவந்து தந்த ஈர்க்குமாற்றை எடுத்துக் குனிந்து கூட்டினேன். முன்பக்கம், பின்பக்கம், வேலியடி, கார் நிற்கும் இடம், எல்லாம். கூட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தால் முதலில் கூட்டிய இடத்தில் மறுபடி இலை கிடக்கும். மறுநாள் மீண்டும்.

பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவர் தன் வளவில் கைவைக்கவே இல்லை.

"மரம் இன்னும் முடிக்கவில்லையே" என்றார்.

"நானும் இன்னும் முடிக்கவில்லை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதல் இரண்டு வாரம் எனக்குப் பெருமையாக இருந்தது. புல் ஈர்க்கில் கிழிந்து ஆங்காங்கே சேறு தெரியத் தொடங்கியதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் சிநேகிதி, அவளும் என்னோடு அதே இல்லத்தில் வேலை செய்பவள், ஒரு நாள் கறிவேப்பிலை தர வந்து வாசலில் நின்று பார்த்தாள்.

"அக்கா, உங்கட வளவைப் பாத்தால் ஊரில நிக்கிற மாதிரி இருக்குது. ஒரு இலை இல்லை!"

அந்த ஒரு சொல்லுக்காக அடுத்த நாளும் குனிந்தேன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு நாடு முழுவதும் குளிர்கால நேரத்துக்கு மாறியது. மணிக்கூட்டைப் பின்னால் தள்ளியதும் பின்னேரம் சட்டென்று சுருங்கிவிட்டது. இங்கே எனக்கு ஒரு சிக்கல். விளக்கு வைத்த பிறகு கூட்டக் கூடாது. இது நாங்கள் இரண்டு பேரும் மாற்றாமல் வைத்திருக்கும் வழக்கங்களில் ஒன்று. வீட்டுக்குள் மட்டும் அல்ல, வெளியேயும். பொழுதுபட்டு சாமித்தட்டில் விளக்கை ஏற்றினால் விளக்குமாற்றைத் தொடுவதில்லை. கணவர் வீட்டில் இருக்கத் தொடங்கியதிலிருந்து விளக்கு வைப்பது அவர் பொறுப்பு. நான் வேலையால் வந்து இறங்கினால் வெளிச்சம் போக ஒரு மணி நேரம்தான் இருக்கும். காலையில் நான் புறப்படும்போது இன்னும் விடிந்திருக்காது.

அதனால் அவசர அவசரமாகக் கூட்டினேன். நவம்பர் முதல் வாரம் மேற்கிலிருந்து ஒரு புயற்காற்று வந்து ஓரிரவில் ஓக்கின் பாதியை உதிர்த்துப் போட்டது. மறுநாள் பின்னேரம் ஈர்க்குமாற்றோடு குனிந்தவள், வேலியடியில் அப்படியே நின்றுவிட்டேன். முதுகின் அடியில் நாரி பிடித்துவிட்டது. நிமிரவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. ஜன்னலால் பார்த்த கணவர் தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"வராதேங்கோ!" என்று கத்தினேன். "இலை கிடக்குது! சறுக்கும்!"

"அப்ப நீர் என்னெண்டு உள்ள வரப்போறீர்?"

"தவழ்ந்து வாறன்."

உண்மையில் அப்படித்தான் போனேன். கைகளையும் முழங்காலையும் ஊன்றி, சருகின் மேலால், படிவரை. படியில் அவர் குனிந்து என் கையைப் பிடிக்கப் பார்த்தார். நான் பிடிக்க விடவில்லை. இரண்டு பேரும் விழுந்தால் மெக்லர் வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவையே இராது.

நான் வேலையிடத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு ஆளைத் தூக்கும் முறை சொல்லிக் கொடுப்பவள். முழங்காலை மடி, முதுகை வளைக்காதே, பாரத்தை உடம்போடு வைத்துக்கொள். கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நாரி வலித்தது.

மகள் ஓகூஸிலிருந்து ஃபோன் எடுத்தாள். தகப்பன் சொல்லியிருக்க வேண்டும்.

"அம்மா, உங்களுக்கு விளங்குதுதானே?" என்று தமிழில் தொடங்கி டேனிஷில் முடித்தாள். கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மெக்லர் வரும்போது தானும் வந்து நிற்பதாகச் சொன்னாள்.

"அதுக்கு இன்னும் நாள் கிடக்குது" என்றேன்.

"நீங்கள் படுத்திருக்கிறீங்கள்."

"இண்டைக்குப் படுத்திருக்கிறன்."

படுத்திருந்த நாட்களில் ஜன்னலால் வளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு செய்ய ஒன்றும் இல்லை. இலை விழுந்தது. யாரும் அள்ளவில்லை. கணவர் காலையில் வேலைக்குப் போகும்போது சிநேகிதியின் புருஷன் காரில் வந்து ஏற்றிக்கொண்டு போவார். என் கணவர் வாசலிலிருந்து தெருவரை அந்தக் கல் பாதையில் போவதை நான் பார்த்தேன். தடியை முன்னால் ஊன்றி, இலையை ஒதுக்கி, ஒரு காலை வைத்து, பிறகு மற்றக் காலை. வேலியடியில் குவிந்த இலையையோ பின்பக்கப் புல்லில் கிடந்த இலையையோ அவர் மிதிக்கவே இல்லை. அங்கே போக வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அவருக்குத் தேவையானது ஒரே ஒரு பாதை. வாசற்படி, கல் பாதை, தெருவோர நடைபாதையில் நாங்களே கூட்ட வேண்டிய எங்கள் பங்கு. அவ்வளவுதான். நானோ அவர் கால் படாத இடங்களுக்கெல்லாம் என் முதுகைக் கொடுத்திருந்தேன்.

எழும்பியதும் முதல் வேலையாக ஈர்க்குமாற்றைக் கொண்டுபோய் கராஜில் வைத்தேன். நீண்ட பிடியுள்ள தும்புத்தடியும் வாரியும் மட்டும் வெளியே. நிமிர்ந்து நின்று, பாதையிலிருந்து மட்டும் இலையை இரண்டு பக்கமும் ஒதுக்கினேன். படியோரம் தண்ணீர் வடியும் இரும்புச் சல்லடையை இலையால் அடைபடாமல் பார்த்தேன். அது அடைத்தால் தண்ணீர் பாதையில் தேங்கி இரவில் உறையும். புல்லில் கிடந்ததைக் காய்ந்த ஒரு நாளில் புல் வெட்டும் மெசினால் மேலாக ஓட்டி நொறுக்கினேன். வேலியடி இலையை அப்படியே விட்டேன். பீச் செடி வேலிக்குக் கீழே முழங்கால் உயரத்துக்குக் குவிந்தது. ஒவ்வொரு நாளும் அதைக் கடந்து உள்ளே போக எனக்கு ஒரு பிடிவாதம் தேவைப்பட்டது. கை தானாக வாரியை நோக்கிப் போகும். போகாதே என்று கைக்குச் சொல்வேன்.

சிநேகிதி வந்தாள். இந்த முறை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"என்னக்கா, நீங்கள் இன்னும் இஞ்சதான் இருக்கிறியளோ? வளவைப் பாத்துட்டு ஓகூஸுக்குப் போயிட்டியள் எண்டெல்லோ நினைச்சன்."

"உள்ள வாரும். தேத்தண்ணி இருக்குது. ஆள் இருக்கிற வீட்டிலதான் தேத்தண்ணி இருக்கும்."

"இல்லை, சனம் என்ன சொல்லும் எண்டு..."

"சனத்தை அந்தப் பாதையால நடந்து வரச் சொல்லும். ஆராவது சறுக்கினால் பிறகு கதைப்பம்."

அவள் சிரித்துவிட்டாள். ஆனாலும் போகும்போது வேலியடிக் குவியலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். எனக்கு முகம் சுட்டது. பாதையை மட்டும் ஒருமுறை கூட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

நவம்பர் நடுப்பகுதிக்கு மேல் சிக்கல் இன்னும் இறுகியது. நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். ஒரு நாள் முதியோர் இல்லத்தில் ஒருவருக்குச் சுகமில்லாமல் போய் நான் பிந்தி வந்தேன். காரை நிறுத்தும்போதே இருட்டு. அன்று பகல் முழுவதும் காற்று. பாதை கண்ணுக்கே தெரியவில்லை. மறுநாள் காலையில் அவர் அதில் நடக்க வேண்டும். விளக்கு வைத்திருப்பார், இனி என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். சாமித்தட்டுக்கு முன்னால் கதிரையைப் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். விளக்கில் எண்ணெய் நிறைய இருந்தது. திரி கறுக்கவில்லை.

"இன்னும் வைக்கேல்லையோ?"

"தீப்பெட்டியைத் தேடுறன்."

"கையில இருக்கிறது என்ன?"

அவர் கையிலிருந்த தீப்பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டினார். உள்ளே குச்சிகள் கிலுகிலுத்தன.

"வெறும் பெட்டி போல கிடக்குது" என்றார். "நான் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆகும். நீர் ஏதும் வேலை கிடந்தால் முடிச்சிட்டு வாரும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சாமிப் படத்தைப் பார்த்தார்.

தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். வாசல் விளக்கின் வெளிச்சத்தில் படியிலிருந்து தெருவரை கூட்டினேன். நிமிர்ந்து நின்று, அவசரப்படாமல். உள்ளே ஜன்னலில் அவருடைய தலை அசையாமல் தெரிந்தது. ஆகஸ்டில், நான் என்ர இடுப்பின்ர பக்கம் என்று சொன்ன மனிதர். முடித்துக் கால் கழுவி உள்ளே வந்த பிறகுதான் குச்சி உரசும் சத்தம் கேட்டது. அதன் பிறகு அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் நான் கூட்டி முடித்தபோதுதான் பொழுதுபட்டது.

மெக்லர் வரவிருந்த வாரத்துக்கு முந்திய ஞாயிறு மகள் வந்தாள். இரவு முதல் உறைபனி விழுந்து புல் வெளிறிக் கிடந்தது. கார் சத்தம் கேட்டதும் கணவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். நான் சமையலறையிலிருந்து ஓடி வந்தபோது அவர் பாதையின் நடுவில் இருந்தார். கையில் தடி இல்லை.

மகள் காரிலிருந்து இறங்கி முதலில் அவருடைய காலைத்தான் பார்த்தாள்.

"அப்பா! தடி எங்க?"

"உள்ள நிக்குது. அதுக்குக் குளிர்."

அவள் சிரிக்கவில்லை. பாதையைப் பார்த்தாள். குனிந்து கல்லை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு வேலியடியையும் ஓக் மரத்தடியையும் பார்த்தாள். அம்மா, இது முடியவே இல்லையே, எங்கே பார்த்தாலும் இலையாகக் கிடக்கிறதே என்று டேனிஷில் சொன்னாள்.

"முடியாது" என்றேன். "மரத்தில இன்னும் கிடக்குது, பார். அப்பா விழாமல் நடக்கிறதுதான் கதை. வளவில இலை இருக்கக் கூடாதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"நீங்கள் உதவி கேட்டனீங்களோ?"

நான் வாய் திறக்குமுன் கணவர் சொன்னார்: "ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை. நான் சாட்சி."

அவள் நகரத்துக்குப் போடும் வழுவழுப்பான சப்பாத்து போட்டிருந்தாள். வாசற்படிவரை நடந்து வந்து, திரும்பித் தெருவரை போய், மறுபடி வந்தாள். வேண்டுமென்றே குதிகாலை அழுத்தி வைத்து நடந்தாள் என்பது எனக்குத் தெரியும். நான் அடுப்பில் இருந்த கறியையும் மறந்து அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். சறுக்கவில்லை.

"அப்பா, நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

"நான் இஞ்சயே இருக்கிறன்" என்றார் அவர்.

அவள் ஃபோனை எடுத்து, வர வேண்டாம் என்று மெக்லருக்குச் செய்தி எழுதினாள். எழுதும்போது அவள் உதடு இறுகியிருந்தது. அவளுக்கு இது தோல்வியல்ல, பயம். ஓகூஸிலிருந்து இரவில் ஃபோன் அடித்தால் அவளுக்கு என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் நான் வென்றதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கறி அடிப்பிடித்துவிட்டது. மூன்று பேரும் அதையே சாப்பிட்டோம். கை கழுவும்போது அவள் கேட்டாள்:

"சரி. ஸ்னோ வந்தால்?"

"வரட்டும்."

"அம்மா, இலையை ஒதுக்கலாம். ஸ்னோ பாரம்."

"அதுவும் பாதையளவுதான்."

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வராமல் ஊர் எல்லையில் இருக்கும் கட்டடப் பொருட்கள் கடைக்குப் போனேன். அங்கிருந்த பனி தள்ளும் சவள்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். மலிவானதன் பிடி கட்டை, குனிய வேண்டியிருந்தது. அதை வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்றபடி தள்ளக்கூடிய, அகன்ற வாயுள்ள ஒன்றை எடுத்தேன். உறைந்த பாதையில் தூவும் உப்பு மூட்டை ஒன்றை முழங்காலை மடித்து, முதுகை வளைக்காமல், உடம்போடு அணைத்துத் தூக்கி வண்டியில் வைத்தேன்.